ஓடைக்கரையில் கேட்ட கேள்வி

என் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஐந்து வரிகள் இருக்கின்றன. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் லேபில் பரிசோதனைச் சீட்டு வாங்கினேன். மதியம் எட்டாம் வகுப்புக்கு ஒளி விலகல் நடத்தினேன். 5.20 பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பினேன். 6.45-க்கு மாடியில் அவரிடம் சொன்னேன். அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் முடிந்திருந்தது. அந்த ஆறு வருடத்தில் நான் போகாத கோவில் இல்லை என்று எழுதினால் அது பொய். அத்தை, அதாவது என் மாமியார், கூட்டிப்போன கோவில்களுக்குப் போனேன். மொத்தம் ஒன்பது. அதில் மூன்றில் தொட்டில் கட்டினேன்.

அன்று மாடியில் என் கணவர் சீட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது. அதை நான் மறுக்க மாட்டேன்.

"அம்மாட்ட நானே சொல்லுதேன்" என்றார். "ஞாயித்துக்கிழம காட்டுக்குப் போறோம்ல. போயிட்டு வந்துருதேன். பொறவு சொல்லுவோம். அதுவரைக்கும் மூச்சு விட்டுறாத."

அய்யனார் கோவில் சாலையில், மலையடிவாரத்தில், எங்களுக்கு மாந்தோப்பு இருந்தது. பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிறது என்று சொல்லி அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய லைசென்ஸில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. மான் சுடக் கூடாது என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்க ஆளில்லை என்பதும் தெரியும். அந்த ஞாயிறு விசேஷமான ஞாயிறு. ராணுவத்தில் இருக்கும் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் விடுமுறையில் வந்திருந்தார். பட்டாளத்துக்காரர் முன்னால் இவர் ஒரு மிளாவையாவது விழுத்தாட்ட வேண்டும். பத்து நாளாகச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இதே பேச்சு. மிளா என்பது புள்ளியில்லாத பெரிய மான்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், படியில் நின்றுகொண்டு, "நீயும் வாயேன்" என்றார்.

ஆறு வருடத்தில் நான் நாலு முறை கேட்டிருக்கிறேன். நாலு முறையும் பொம்பளைகளுக்குக் காட்டில் என்ன வேலை என்று சொன்னவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். இந்த மாதிரி நேரத்துல ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் போக மனசு வரல."

அதையும் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன், அவர் சொன்ன வார்த்தையிலேயே. எழுதியபின் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

ஞாயிறு காலை 6.10-க்கு ஜீப் கிளம்பியது. பட்டாளத்துச் சிநேகிதர் தம் வீட்டு வெள்ளை நாய்கள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். எங்களிடம் தமிழில் பேசுகிறவர் நாய்களிடம் மட்டும் வீட்டுத் தெலுங்கில் பேசினார். அவை அதற்குத்தான் கட்டுப்பட்டன. டிராக்டர் டிரைவர் ஜீப்பை ஓட்டினார். தோப்புக் காவல்காரரும் காட்டைக் கலைத்து மானை விரட்டுகிற நாலு பேரும் தோப்பில் ஏறிக்கொண்டார்கள். ஆண்கள் எட்டு பேர், நான் ஒருத்தி.

தோப்பைத் தாண்டி ஓடை குறுக்கிடும் இடத்தில் ஜீப் நிற்கும். அதற்கு மேல் நடைதான். மாசி மாதம் என்பதால் ஓடையில் கணுக்கால் தண்ணீர். காவல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கரையில் இருந்த ஒரு கல்லைக் கழுவி, சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். பிறகு எழுந்து எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"யாரு வீட்டுலயும் முழுகாம இருக்காகளா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. இங்கனயே நின்னுக்கிடலாம்."

பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. கொன்றால் வயிற்றில் இருப்பது தங்காது. கொல்கிற கூட்டத்தோடு அவன் போகவும் கூடாது. அந்தப் பக்கத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். துப்பாக்கியை எடுத்துப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். எனக்கு அன்றுதான் தெரியும்.

டிராக்டர் டிரைவர் கையைத் தூக்கினார். "நான் நின்னுக்கிடுதேன்."

"ஏலே, போன வருசமும் நீதான ஜீப்புக்குக் காவலு?" என்றார் பட்டாளத்துச் சிநேகிதர்.

"போன வருசம் மூத்தது சார். இது அடுத்தது."

"நீ சுடாம விட்ட மானெல்லாம் ஒன் வீட்டுலயே வந்து பெறக்குதோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். ஜீப் பானட்டில் துண்டை விரித்து ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். அவ்வளவுதான். நின்றுகொண்டதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கேலி.

"நீங்க எப்படி சார்?" என்று காவல்காரர் சிநேகிதரைக் கேட்டார்.

"அவ இங்க இருக்கா, நான் பனிக்குள்ள இருக்கேன். லெட்டர்லயாய்யா பிள்ள உண்டாகும்?"

கலைக்கிற நாலு பேரும் இல்லை என்றார்கள். என் கணவரைக் காவல்காரர் கேட்கவில்லை. ஆறு வருடக் கதை அவருக்குத் தெரியும். கேட்டுப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். பார்வையைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என் கணவர்தான் தானாக, யாரும் கேட்காமலே, சொன்னார்.

"எங்க வீட்டுல இல்ல."

காவல்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "அய்யனாரு குடுப்பாரு தாயி. அடுத்த மாசிக்கு மொதலாளி இங்கன ஜீப்புக்குக் காவலா நிக்கணும். நான் சொன்னேன்னு வச்சுக்கோங்க" என்றார்.

நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அதனால் என் காரணத்தை இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். முதலாவது, நான் அறிவியல் டீச்சர். புருஷன் சுடுகிற தோட்டாவுக்கும் என் கர்ப்பப்பைக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. இரண்டாவது, 'எங்க வீட்டுல இல்ல' என்று சொன்னவுடன் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எட்டு பேருக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டேன். ஆறு வருடத்தில் அப்படி ஒரு ரகசியம் எங்களுக்குள் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் சிரித்தேன்.

8.30-க்கு எங்களை ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். சிநேகிதர் நூறடி தள்ளி இன்னொரு பாறையில். கலைக்கிறவர்கள் நாய்களோடு மேலே சுற்றிப்போய் அங்கிருந்து தகரம் தட்டிக்கொண்டு இறங்கி வருவார்கள். சத்தத்துக்கு மான் பள்ளத்தில் இறங்கி எங்கள் முன்னால் ஓடைக்குக் குறுக்கே ஓடும். அதுதான் திட்டம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேசக் கூடாது. அவர் தன் துண்டை மடித்து நான் உட்கார்ந்த இடத்தில் போட்டார். வாட்டர் பாட்டிலை முதலில் எனக்குக் கொடுத்தார். என் கையில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டார். ஒருமுறை என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துத் துப்பாக்கிமேல் வைத்துக்கொண்டார்.

10.05-க்குத் தகரச் சத்தம் கேட்டது. நாய் குரைக்கவில்லை. அந்த நாய்கள் துரத்தும்போது குரைக்காது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். முதலில் வந்தது ஒரு பெட்டை. அதை விட்டுவிட்டார். பின்னால் வந்தது ஆண் மிளா. கொம்பு இன்னும் கிளைவிடாத வயசு. தண்ணீரில் கால் வைக்கப்போகும் இடத்தில் ஒரு கணம் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தது. அப்போது சுட்டார். இரண்டு குழலும் வெடித்தது போல எனக்குக் கேட்டது. ஒன்றுதான் என்று பிறகு சொன்னார். மிளா முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

"விழுந்துட்டு! ஏட்டி, விழுந்துட்டு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீ வந்த ராசிதான்."

சிநேகிதர் பாறையை விட்டு இறங்கி வந்து, "நீ அதிர்ஷ்டத்தைப் பக்கத்துலயே உக்கார வச்சிருக்க. நான் தனியா உக்காந்தேன்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து பாராட்டு வரவில்லை. ஆனாலும் அதுவே என் கணவருக்குப் போதுமானதாக இருந்தது.

தோப்பு பம்புசெட்டில் வைத்து உரித்தார்கள். ஈரலைச் சுட்டு, உப்பு மட்டும் தடவி, முதல் துண்டை அவர் தன் கையால் எனக்கு ஊட்டினார். எல்லோருக்கும் முன்னால். நான் வெட்கப்பட்டுக்கொண்டு தின்றேன். பிறகு வாழையிலைகளைப் பரப்பிக் கறியைக் கூறு வைத்தார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, எனக்கும் சேர்த்து ஒன்பது. நாய்களுக்கு ஒன்று. பதினொன்றாவது இலையில் ஒரு சின்னக் கூறு வைத்து, காவல்காரர் அதை டிரைவர் பக்கம் தள்ளினார்.

"இது வயித்துப் பிள்ளைக்கு."

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு கூறு உண்டு. அதுவும் அவர்கள் வழக்கம். நான் என் கணவருடைய சுண்டுவிரலை இடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த தடவ" என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் அத்தையிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை கேட்டேன்.

"இப்பச் சொன்னா எப்ப தெரிஞ்சதுன்னு கேப்பாக. காட்டுக்குப் போறதுக்கு முந்தியா பிந்தியான்னு நோண்டுவாக. ஒரு பத்து பதினஞ்சு நாள் போகட்டும். பொறவுதான் தெரிஞ்சதுன்னு சொல்லிக்கிடலாம்."

நான் சரி என்றேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை. நானும் சரி என்றேன்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, இரண்டாவது பீரியடில் எனக்கு வயிறு பிடித்து இழுத்தது. மூன்றாவது பீரியடுக்கு நான் வகுப்பில் இல்லை. பள்ளியிலிருந்து வாடகைக் காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லேடி டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆரம்ப மாசத்துல இப்படி நெறையப் பேருக்கு ஆகும்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல, செய்யாத எதனாலயும் இல்ல" என்றார். ஜீப்பில் போனது, பாறையில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அதனாலெல்லாம் இல்லை என்று மறுபடியும் சொன்னார். நல்ல பெண். ஆனால் அவர் சொன்னபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

2.30-க்கு அத்தையும் அவரும் வந்தார்கள். அத்தை முதலில் அழுதார். என் தலையைத் தடவினார். பிறகு எத்தனை நாள் என்று கேட்டார். நர்ஸ் சொன்னாள். அத்தை மனதுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. கை என் தலையிலிருந்து நகர்ந்தது.

"ஏலே, அப்ப நீ மிளா சுட்ட அன்னைக்கு இவ முழுகாம இருந்திருக்கா. ஒனக்குத் தெரியுமா?"

அவர் மேலே தொங்கிய குளுகோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அவ சொன்னாத்தான தெரியும்."

அத்தை என்னைப் பார்த்தார். "ஏட்டி, கட்டின புருஷன்ட்டகூடச் சொல்லாம மான்கறி திங்க காட்டுக்குப் போனியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை வாசித்துக்கொண்டிருந்தார். அவரே திருத்துவார் என்று காத்திருந்தேன். இப்போது, இந்த நிமிடம், என்று காத்திருந்தேன். 4.15-க்கு இருவரும் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள்.

நாலாம் நாள் அவர் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"அம்மா தாங்க மாட்டாகடி. நான் தெரிஞ்சே சுட்டேன்னா, பெத்த மகனே வம்சத்த அழிச்சிட்டான்னு படுத்த படுக்கையாயிருவாக. ஊர்ல தலகாட்ட முடியாது. நீ படிச்சவ. இதெல்லாம் நம்பாதவ. ஒனக்கு இது ஒண்ணுமில்ல. நாலு நாள்ல மறந்துருவாக."

நான் நம்பாததால் நான் சுமக்கலாம். அவர் நம்பியதால் அவரால் சுமக்க முடியாது. ஆக, ஓடைக்கரையில் பொய் சொன்னபோது அந்தக் கட்டுப்பாட்டை அவர் நம்பித்தான் இருந்தார். நம்பிக்கொண்டேதான் துப்பாக்கியை எடுத்தார். இதை நான் சாத்துக்குடியின் இரண்டாவது சுளையில் புரிந்துகொண்டேன்.

நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. தோப்புக் காவல்காரர், பாவம், அவர் பார்த்ததை அப்படியே சொன்னார். "டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டேதான் நின்னாக." அது போதுமானதாக இருந்தது. வேட்டை ஆசையில் வயிற்றுப் பிள்ளையை மறைத்தவள் என்று சொந்தக்காரர்கள் வீட்டு அடுப்படிகளில் நான் அறியப்பட்டேன். கொழுந்தன் மனைவிக்கு வளைகாப்பு நடந்தபோது, எனக்கு வளையல் அடுக்கித் தரும் வேலை உள்ளறையில் கொடுக்கப்பட்டது. பச்சை தனி, சிவப்பு தனி என்று பிரித்து அடுக்கினேன். வெளியே போய் ஒரு வளையல்கூடப் போட்டுவிடக் கூப்பிடவில்லை. எனக்கு அதற்குப் பிறகு தரிக்கவே இல்லை.

இதெல்லாம் இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எறும்பைத் தட்டிவிட்டது, துண்டை மடித்துப் போட்டது, ஈரல் ஊட்டியது. பயத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டார், ஆனால் அன்றைக்கு என்னைப் பிரிய மனமில்லாமல் கூட்டிப்போனது உண்மை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கல்யாணத்தை ஓட்ட அது எனக்குக் கொஞ்ச காலம் உதவியது.

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் சமயம். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். கொண்டுபோவதற்கு முன் அவர் வராந்தாவில் உட்கார்ந்து குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மலை சரணாலயமாகிவிட்டதால் வேட்டையும் நின்றுபோயிருந்தது. நான் எதிரில் அரைப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய ஞாபகத்தில் பேச ஆரம்பித்தார்.

"கடைசியா நல்ல அடி விழுந்தது அந்த மிளாதான். அன்னைக்கு மட்டும் ஒன்ன வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தேன்னா, காலையிலயே அம்மாட்ட ஒளறியிருப்ப. ஆளு விட்டு என்னத் தோப்புலயே மறிச்சிருப்பாக. அதான் ஒன்னையும் ஜீப்புல ஏத்திக்கிட்டேன்."

கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒன்றைச் சொல்கிற தொனியில் சொன்னார். நான் கையிலிருந்த தாளில் போட்ட மதிப்பெண்ணை மறுபடி கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. படுக்கையில் பதினான்கு மாதம். காலையில் 5.30-க்கு நான் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்து, 7.40 பஸ்ஸைப் பிடிப்பேன். சாயங்காலம் வந்து மறுபடியும். அத்தைக்கு என்மேல் இருந்த கோபம் அந்த மாதங்களில் தேய்ந்துபோய் வருத்தமாக மட்டும் மிஞ்சியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் நான் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மாத்திரையோடு கட்டில் அருகில் நின்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எம்புட்டு நல்லவளா இருக்க. அன்னைக்கு மட்டும் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி? இந்நேரம் ஒரு பிள்ள பத்தாவது படிச்சிட்டு இருக்கும்."

அத்தை போவதற்குள் இது ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. இனி நாளில்லை என்றும் தெரிந்தது.

"சொன்னேன் அத்தை" என்றேன். "வெள்ளிக்கிழமையே அவிய கிட்டச் சொல்லிட்டேன். சீட்டையும் காமிச்சேன். தெரிஞ்சுதான் சுட்டாக."

அத்தை என் கையை விடவில்லை. தலையை மட்டும் திருப்பி மகனைப் பார்த்தார்.

"என்னய்யா சொல்லுதா இவ?"

அவர் மாத்திரையை உறையிலிருந்து அழுத்தி எடுத்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

"அவ சொன்னா சரிதாம்மா. அப்படியே வச்சுக்கோங்க. பழசக் கிண்டி இப்ப என்ன ஆகப்போகுது? வாயத் திறங்க."

அத்தை மாத்திரையை விழுங்கினார். தண்ணீர் குடித்தார். முகத்தில் மகனைப் பற்றிய பெருமை பரவியதை நான் ஓர் அடி தூரத்தில் இருந்து பார்த்தேன்.

"பாத்தியாடி. இப்பவும் பழியத் தன்மேல போட்டுக்கிடுதானே ஒழிய, ஒன்ன விட்டுக்குடுக்க மாட்டேங்கான். இப்படி ஒருத்தன் கெடைக்கணுமே."

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன்.

இருபத்திரண்டு நாளில் அத்தை இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். என் புத்தகங்கள், ஒரு கட்டில், இரண்டு பாத்திரம். அவர் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தினமும் பஸ்ஸில் அலைய முடியவில்லை, அவளுக்கு முட்டுவலி, அதனால் நான்தான் அங்கேயே தங்கச் சொன்னேன் என்று ராஜபாளையத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எதிர்ப்படுகிறவர்கள் என் முட்டியை விசாரிக்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.